ஒரு பல் குறைந்த கழுகு

அந்த வட்டாரத்தில் அறுபது வயது தாண்டியவர்கள் சிரித்தால், அதில் பாதிச் சிரிப்பு அவள் கைவேலை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு ஜன்னலும் ஒரு நீள மேஜையும் மட்டும் கொள்கிற சின்ன அறையில், மெழுகு உருக்கி, அச்சு எடுத்து, பல் பல்லாக அடுக்கி, முப்பது வருஷமாகப் பல்செட் செய்துகொண்டிருந்தாள். பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் அவள் பல்லக்காதான். அப்படிக் கூப்பிட்டால் கோபப்பட மாட்டாள். அவளிடம் இருந்த கோபத்தையெல்லாம் ஒரே ஒரு ஆளுக்காகச் சேர்த்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. பழைய அமெரிக்கத் தபால்தலை. அதுவும் நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையது. ஏன் அமெரிக்கா என்று கேட்டால் சட்டென்று பதில் வரும்: "அவங்களோட முதல் ஜனாதிபதிக்கு வாயில பூராவும் பொய்ப்பல்தான். ஸ்டாம்புல பாருங்க, உதட்டை எப்படி இறுக்கி மூடிக்கிட்டு இருக்காரு! கன்னம் உப்பியிருக்கறதைப் பாத்தாலே தெரியுது, செட்டு சரியா உக்காரல. நானா இருந்தா ரெண்டு நாள்ல சரி பண்ணியிருப்பேன்."

பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் சொல்வார்: "நானும்தான் இந்த வீட்ல வாயைத் திறக்கறதில்ல. என்னையும் ஒரு ஆல்பத்துல ஒட்டிடேன்."

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில் தபால்தலை ஏலம் நடக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரும் கை தூக்காத கிழிசல், கறை பட்டது, மூலை போனது என்று மலிவாக எடுத்து வருவாள். பல் வேலைக்கு வைத்திருக்கும் இடுக்கியாலேயே அவற்றையும் எடுப்பாள். அவள் கை துளி பிசகாது. அந்த மாடியில் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் கை தூக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்குத் திருநாள்.

அதைப் பறித்தவர் வேறு யாருமில்லை. கூடப் பிறந்த அக்காவின் புருஷன்.

அத்தானுக்குத் தொழிலே தபால்தலைதான். கடைவீதியில் கண்ணாடி அலமாரி வைத்த கடை. ஏலத்தில் முதல் வரிசை, தபால்தலைச் சங்கத்தில் தலைவர் நாற்காலி. அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தால் கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பல்செட் கட்டிக்கொண்டு போன ஒரு வயதான அம்மா, சந்தோஷத்தில் ஒரு பழைய தபால் உறையைக் கொண்டுவந்து பல்லக்கா கையில் கொடுத்தாள். "என் வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பாத்தவரு. எங்கேயோ வாங்கினது. எனக்கு எதுக்கும்மா? நீ இதெல்லாம் சேக்கறியாமே" என்றாள். உறையின் வலது மூலையில் முப்பது சென்ட் தபால்தலை. கேடயத்தின் மேல் சிறகு விரித்த கழுகு நீலத்தில். இரண்டு பக்கமும் கொடிகள் சிவப்பில். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பதில் வந்தது. ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்று கொஞ்ச காலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அதனாலேயே அரிது. அதன் மேல் கறுப்பு மையில் ஒரு நட்சத்திர முத்திரை. அந்தக் காலத்தில் தபால் குமாஸ்தாக்கள் பாட்டில் தக்கையைத் தாங்களே செதுக்கி முத்திரை செய்துகொள்வார்களாம். இந்த நட்சத்திரத்துக்கு ஆறு முனை. அதில் ஒன்று உடைந்திருந்தது. பாதி நட்சத்திரம் தபால்தலையின் மேல், பாதி உறையின் மேல்.

ஓடினாள் அத்தானிடம். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கொட்டாவி விட்டார்.

"ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும். பாத்துச் சொல்றேன்."

ஒரு வாரம் கழித்துப் போனால், வெறும் உறையை நீட்டினார். தபால்தலை இருந்த இடத்தில் வெளிர்ந்த ஒரு சதுரம்தான் இருந்தது.

"ஸ்டாம்ப் எங்க அத்தான்?"

"தண்ணியில போட்டேன், கரைஞ்சு போச்சு. அசலா இருந்தா கரையுமா? போலி. யாரோ உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"கரைஞ்சதையாவது காட்டுங்களேன்."

"கழுவி ஊத்தியாச்சு. ஏன், என்மேல சந்தேகமா?" உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, வீட்டு மாப்பிள்ளைகிட்டப் பேசற பேச்சா இது?"

அவள் வெறும் உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆனால் அத்தானுக்கு உறுத்தல். அடுத்த ஏலத்தில், கூடம் நிறைந்திருந்த நேரம், அவள் கடைசி வரிசையில் உட்காரப் போகும்போது, முதல் வரிசையிலிருந்து திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எல்லாரும் ஜாக்கிரதையா இருங்க. எங்க வீட்டுப் பொண்ணுதான், சொல்லாம இருக்க முடியல. போன மாசம் எனக்கே ஒரு போலியைக் கொண்டுவந்து நீட்டினா. பொய்ப்பல் செய்யறவ பொய் ஸ்டாம்ப் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நாலைந்து அவள் கட்டிக் கொடுத்த பல்.

சங்கத்தில் அவள் பெயரை அடித்தார்கள். யாரும் அவளிடம் வாங்கவில்லை, விற்கவுமில்லை. அக்கா வீட்டு வாசல் மூடிக்கொண்டது. புருஷன் சொன்னார்: "விடும்மா, ஒரு துண்டுக் காகிதம்."

"காகிதத்தை விட்டுட்டேங்க. அந்தச் சிரிப்பைத்தான் விட முடியல" என்றாள்.

கோயில் தவறாமல் போகிறவள். பிள்ளைகளுக்கு, புருஷனுக்கு என்று வேண்டிவிட்டுக் கடைசியில் அத்தானுக்கும் வேண்டுவாள்: 'கடவுளே, அவருக்கு ஒரு நோவும் வரக் கூடாது. கண்ணு, காது எல்லாம் நல்லா இருக்கணும். அந்த நாள் வரைக்கும் அவரைப் பத்திரமா வச்சிரு.' இதைப் பிரார்த்தனை என்பதா, சாபம் என்பதா என்று ஆண்டவனே குழம்பியிருப்பார். ஆனால் காது கொடுத்துக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தான் எழுபதிலும் கல்லுக்குண்டாக இருந்தார். பல் மட்டும் எல்லாம் கொட்டிப்போனது.

வெறும் உறையை அவள் தூக்கிப் போடவில்லை. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, வேலை மேஜையின் இழுப்பறையில், மெழுகுக் கட்டிகளுக்கு அடியில் வைத்திருந்தாள். ஒருநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வெளிர்ந்த சதுரத்தின் இடது கீழ் மூலையில் கடுகை விடச் சின்னதாக ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. தபால்தலையின் ஓரத்தில் வரிசையாக இருக்குமே பல், அதில் ஒன்று. உரித்து எடுத்த அவசரத்தில் பிய்ந்து உறையோடு நின்றுவிட்டது. அதன் ஓரத்தில் பட்டிருந்த நீல மை துளிகூட ஓடியிருக்கவில்லை. கரைந்துபோன தபால்தலைக்கு ஒரு பல் மட்டும் எப்படி மிஞ்சும்? அன்றைக்கு அவள் சிரித்தாள். அதன் பிறகு காத்திருந்தாள்.

தை போய், ஆடி போய், பத்தொன்பது வருஷம் ஓடிய பிறகு ஏலப் புத்தகம் ஒன்று கிளினிக்குக்கு வந்தது. அத்தான் தொழிலை விட்டு ஓய்வெடுக்கப் போகிறாராம். நாற்பது வருஷம் சேர்த்த சொந்தத் தொகுப்பு முழுவதும் ஏலம். வழவழப்பான காகிதத்தில் விலைப்பட்டியல். அட்டையிலேயே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள், முப்பது சென்ட் கழுகு. அதன் மேல் பாதி நட்சத்திரம். உடைந்த முனை. இடது கீழ் மூலையில் ஒரு பல் இல்லை.

அவள் அட்டையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

அதே வாரம் அத்தான் பல் டாக்டரிடம் வந்தார். ஏலத்தன்று அவர் ஒவ்வொரு உருப்படியைப் பற்றியும் எழுந்து பேசப் போகிறார். பழைய செட்டில் பேச்சு குழறுகிறது. புதிது வேண்டும். செய்வது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவளை விட்டால் சுற்று வட்டாரத்தில் அந்தக் கை கிடையாது. அளவு பார்க்க டாக்டர் அவளை முன்னறைக்குக் கூப்பிட்டார்.

"என்ன, சௌக்கியமா?" என்றார் அத்தான், பொக்கை வாயோடு.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன் அத்தான். நல்லா வாயைத் திறங்க."

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு, குத்தற மாதிரி செஞ்சுராதே." ஹெஹ்ஹே என்று சிரித்தார்.

"குத்தவே குத்தாது. நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் கடைசி வரிசை வரைக்கும் தெளிவாக் கேக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

முப்பது வருஷத்தில் அப்படி ஒரு செட் அவள் செய்ததில்லை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் மயிரிழை பிசகாமல் கவ்வின. மூன்று தடவை மெருகு ஏற்றினாள். டாக்டரே எடுத்துப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரர்னா கவனிப்பே தனிதான்" என்றார். "ஆமாம் டாக்டர், தனிதான்" என்றாள்.

ஏலத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. வாசலில் எண் அட்டை வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நரைத்த தலைகள் சில திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முதல் வரிசையில் அத்தான். பக்கத்தில் பட்டுப் புடவையில் அக்கா.

முதல் உருப்படியே கழுகுதான். ஏலக்காரர் சுத்தியலை வைத்துவிட்டு, "ஐயாவே இதைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

அத்தான் எழுந்தார். குரல் கணீரென்று வந்தது. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல ஒரு பழைய ஆல்பத்துல வாங்கினேன். தனி ஸ்டாம்பாத்தான் வாங்கினேன். என்கிட்ட வரும்போதே ஒரு பல்லு இல்ல. அதைத் தவிர ஒரு குறையும் கிடையாது."

கைதட்டினார்கள். தட்டி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு அவள் எழுந்தாள்.

"ஒரு சந்தேகம் அத்தான். தனியாத்தான் வாங்கினீங்களா? கவரோட இல்லையே?"

"தனியாத்தான். காது கேக்கலையா?"

"நல்லாக் கேட்டுது. எல்லாருக்கும் கேட்டுது."

அவள் நடந்து முன்னால் போனாள். பையிலிருந்து கண்ணாடித் துண்டுகளை எடுத்து ஏலக்காரர் மேஜையில் வைத்தாள். "இந்தக் கவர்ல ஒரு ஸ்டாம்ப் இருந்துது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி அத்தான் தண்ணியில போட்டாரு, கரைஞ்சு போச்சுன்னாரு. இதுமேல அதை வச்சுப் பாருங்க."

அத்தான் பதறிப்போனார். "அந்தக் குப்பையையெல்லாம் எதுக்குத் தொடறீங்க?"

ஏலக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுக்கியால் கழுகை எடுத்து, வெளிர்ந்த சதுரத்தின் மேல் மெதுவாக இறக்கினார். பாதியோடு பாதி சேர்ந்து, அந்த உடைந்த முனையோடு நட்சத்திரம் முழுசாக நின்றது. மூலையில் தனியாக இருந்த அந்தப் பல், தன் வரிசையில் போய் உட்கார்ந்தது. கண்ணாடியில் குனிந்து பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இது இந்தக் கவரோடதுதான். சந்தேகமே இல்ல." பிறகு, தன்னையறியாமல் உரக்கச் சொல்லிவிட்டார்: "அடப் பாவி மனுஷா, கவரோட அப்படியே விட்டிருந்தா இது பத்து மடங்கு போயிருக்குமே! இந்தக் கழுகு கவரோட கிடைக்கறதே அபூர்வம்."

அதுதான் அத்தானைச் சாய்த்தது. திருட்டுப் பட்டத்தை அவர் எப்படியாவது தாங்கியிருப்பார். நாற்பது வருஷத் தொழிலில், கையில் வந்த பொக்கிஷத்தைத் தண்ணீரில் போட்டு உரித்து, மிச்சத்தைக் குப்பை என்று தானே திருப்பிக் கொடுத்த மடத்தனம் ஊர் பார்க்க மேஜையில் கிடந்தது. சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஏலக்காரர் கழுகை ஏலத்திலிருந்து எடுத்து, உறையோடு சேர்த்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். இரண்டாவது உருப்படியைச் சொன்னார். ஒரு கையும் உயரவில்லை. மூன்றாவது. யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்: "இது எந்த வீட்டு மச்சினிச்சியோடது?" கூடம் சிரித்தது. அதே கூடம், அதே சிரிப்பு. அவள் அதை ஒரு சொட்டு விடாமல் காதில் வாங்கிக்கொண்டாள்.

படியில் இறங்கும்போது அத்தான் பின்னாலேயே வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். "நடந்தது நடந்து போச்சு. ரெண்டையும் சேத்து ஒண்ணா வித்தா உனக்கும் நல்லது, எனக்கும் மானம் தப்பும். நீதான் குடுத்து வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"நான் சொன்னா யாரு நம்புவாங்க அத்தான்? நான் பொய்ப்பல் செய்யறவ."

பத்து நாள் கழித்து ஒரு காலை, பின்னறை வாசலில் அக்கா வந்து நின்றாள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவை. கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே அத்தானின் புதுச் செட், மேல் வரிசை இரண்டு துண்டாக.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் கழட்டிச் சுவத்துல அடிச்சுட்டாரு. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கல. யாரோடயும் பேசறதுமில்ல. சங்கத்துல விளக்கம் கேட்டு எழுதியிருக்காங்க, நாளைக்கழிச்சுப் போய் வாயைத் திறந்தே ஆகணும்." அக்காவின் கண் கலங்கியது. "நீ நெனச்சா இப்பவே ஒட்டிடலாம்னு டாக்டர் சொன்னாரு."

டாக்டர் சொன்னது உண்மைதான். ஒரு மணி நேர வேலை. மேஜைமேல் பசை இருந்தது, மெழுகு சூடாக இருந்தது. எதிர்ச் சுவரில், கண்ணாடிக்குள், கழுகும் உறையும் ஒன்றாகச் சேர்ந்து மாட்டியிருந்தன.

அவள் துண்டுகளை வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் எட்டி வைத்தாள்.

"ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும் அக்கா" என்றாள். "பாத்துச் சொல்றேன்."