பாதியில் மாறிய பேருந்து

பேருந்துக் கழகத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் அவளை எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் நடத்துநராக நின்றுகொண்டே ஊரைச் சுற்றியவள். முழங்கால் மக்கர் செய்ததும் ஒரு நாற்காலியும் கணினியும் கொடுத்து இங்கே உட்கார வைத்துவிட்டார்கள்.

சும்மா உட்கார அவளுக்கு வராது. பொருளைத் தொலைத்தவர்கள் இணையதளத்தில் எழுதும் புகார்கள் ஓர் அட்டவணை. வண்டியைக் கூட்டிப் பெருக்குபவர்கள் கண்டெடுத்துப் பதிவு செய்யும் பொருட்கள் இன்னோர் அட்டவணை. தொலைத்தவருக்குத் தெரிந்தது வழித்தடமும் நேரமும். கூட்டுபவருக்குத் தெரிந்தது வண்டி எண் மட்டும். எந்த நடைக்கு எந்த வண்டி போனது என்று சொல்லும் பணி அட்டவணைதான் இரண்டுக்கும் நடுவே தரகர். மூன்றையும் கோர்த்துக் கணினியிடம் பதில் வாங்கும் வினவலை எழுதித் தரச் சொல்லி மென்பொருள் பிரிவிடம் கெஞ்சி அலுத்து, கடைசியில் அவளே கற்றுக்கொண்டாள்.

"சம்பந்தம் பேசுறதுதான் இப்போ என் வேலை. குடைக்கும் குடைக்காரருக்கும் நடுவுல" என்று வீட்டில் பீற்றிக்கொள்வாள்.

"நம்ம சம்பந்தத்தை யாரும் இவ்வளவு சரிபார்க்கலையே" என்பார் கணவர்.

பத்துக்கு எட்டுப் பொருளையாவது அந்த வினவல் உரியவரிடம் சேர்த்துவிடும். அதனாலேயே, அது இல்லை என்றால் அவளும் தயங்காமல் இல்லை என்றுவிடுவாள்.

அப்படி ஐந்து முறை இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போனவர் ஒரு தச்சர். நான்கு வயது மகளின் காது கேட்கும் கருவியைப் பேருந்தில் விட்டிருந்தார். ஆறாம் முறை வந்தது ஒரு வியாழக்கிழமை மதியம். அன்று மகளையும் கூட்டி வந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்த அந்தச் சிறுமி, பேசுகிறவர்களின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை லாரி வரும். கண்டெடுத்த பொருட்களில் யாரும் உரிமை கோராதவற்றைப் பைகளோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும்.

"புதுசுக்கு ஆஸ்பத்திரியில எழுதி வெச்சிருக்கேன்க்கா. இன்னும் எட்டு மாசம் ஆகுமாம். ஆறு வார்த்தை பேசிட்டிருந்தா. இப்போ ரெண்டுதான் மிச்சம். இன்னொரு தடவை பாருங்களேன்."

"உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன தம்பி ஆகப்போகுது? அந்த வண்டியில ஒரு தண்ணி பாட்டிலும் ஒத்தைச் செருப்பும்தான் கிடந்துச்சு."

"முதல்ல ஏறின வண்டியிலயுமா?"

விசிலக்காவின் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றன. "முதல்ல ஏறினதுன்னா?"

"பாதியில வண்டி நின்னு போச்சு. எல்லாரையும் வேற வண்டிக்கு மாத்தி ஏத்தினாங்க. இவ தூங்கினதால மெஷினைக் கழட்டிப் பெட்டியில போட்டு சீட்ல வெச்சிருந்தேன். இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு இறங்குற அவசரத்துல..."

"இதை ஏன் தம்பி மொதல்லயே சொல்லல?"

"மாத்தி ஏத்தினதே உங்க ஆளுங்கதானே. உங்களுக்குத் தெரியாம இருக்கும்னு நெனைக்கலைக்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. நின்றுபோன வண்டியிலிருந்து கூட்டத்தை இறக்கி அடுத்த வண்டியில் திணித்தவர்களில் அவளும் ஒருத்தி. ஒரு நடைக்கு இரண்டு வண்டி வரலாம் என்பது அவள் முழங்காலுக்கே தெரியும். ஆனால் பணி அட்டவணையில் வண்டி எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம்தான். வண்டி மாறினால் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புது எண் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்தை நம்பித்தான் ஐந்து முறை இல்லை என்றிருக்கிறாள்.

"உட்காருங்க தம்பி. எங்கேயும் போயிடாதீங்க."

பழுதான வண்டிகளுக்குப் பட்டறைக்காரர்கள் தனி அட்டவணை வைத்திருந்தார்கள். எந்த வண்டி, எப்போது நின்றது, மாற்றாகப் போனது எது என்று எல்லாம் அதில் இருந்தது. புகாரிலிருந்து நடைக்கு, நடையிலிருந்து மாற்று வண்டிக்கு, அங்கிருந்து பழுதான வண்டிக்கு, அதிலிருந்து அதில் கிடந்த பொருளுக்கு என்று வினவலை நீட்டி ஓட விட்டாள். நாற்பத்தோராயிரம் வரி வந்து கொட்டியது.

எட்டிப் பார்த்தார் கிடங்குக்காரர். பைகளுக்கும் காகிதத்துக்கும் காவல் அவர்தான். ஒரு தாள் அதிகமானாலும் முகம் சுண்டிவிடும். "என்ன விசிலு, ஊர்ல இருக்கற குடையெல்லாம் எல்லாருக்கும் சொந்தமா?"

"நேரத்துக்கு வரம்பு கட்ட மறந்துட்டேன். கொஞ்சம் சும்மா இருங்களேன்."

நடை புறப்பட்டதற்கும் முடிந்ததற்கும் இடையில் நின்ற வண்டி மட்டும் என்று கட்டினாள். நாலு வரிதான் தேறியது. தச்சரின் புகார் அதில் இல்லை. ஆனால் அவர் ஏறிய நடையைப் பட்டறை அட்டவணையில் பார்த்ததும் எந்த வண்டி நின்றது என்பது தெரிந்தது. பட்டறைக்குப் போன் போட்டாள்.

"இந்த வண்டி எத்தனை நாள் உங்ககிட்ட கிடந்துச்சு?"

"எஞ்சினையே இறக்கிட்டோம்மா. நாப்பத்தாறு நாள்."

"நடுவுல யாராவது கூட்டினாங்களா?"

"எஞ்சின் இல்லாத வண்டியைக் கூட்டிப் பெருக்கி எங்கம்மா ஊர்வலம் போறது?"

அவள் எழுதிய பழைய நிபந்தனை கண்முன்னே நின்றது: தொலைந்த மூன்று நாளுக்குள் கிடைத்த பொருள் மட்டும். அதை அழித்தாள். பட்டறையை விட்டு வண்டி வெளியே வந்த பின் முதல் முறை கூட்டியபோது கிடைத்தவை என்று எழுதினாள். பதினொரு வரி வந்தது. ஏழாவது வரியில் தச்சரின் புகார் எண். அதற்கு நேரே, கூட்டியவர் தட்டியிருந்த விவரம்: 'இயர்போன், ஒத்தை, சின்னப் பெட்டியில்.'

பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். காது கேட்கும் கருவி என்று எத்தனை முறை தேடினாலும் அது எப்படி வரும்?

கிடங்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் கறுப்புப் பைகள், எல்லாவற்றின் மேலும் வெறும் எண். அவள் எண்ணைச் சொன்னதுதான் தாமதம், கிடங்குக்காரர் ஸ்டூலைக்கூடத் தேடாமல் அலமாரியில் கால் வைத்து ஏறிவிட்டார்.

தச்சர் பெட்டியைத் திறந்தார். பேட்டரி செத்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புது பேட்டரி அட்டையை எடுத்தார். பிரிக்காத அட்டைதான், ஆனால் ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. இரண்டரை மாதமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்திருக்கிறார்.

"மன்னிச்சிருங்க தம்பி. தேடின இடமே தப்பு" என்றாள் விசிலக்கா.

தச்சர் மகளின் காதில் கருவியை மாட்டுவதிலேயே குறியாக இருந்தார்.

மீதிப் பத்துப் பேருக்கும் போன் செய்ய வேண்டுமே என்று விசிலக்கா பட்டியலை அச்சடிக்கக் கொடுத்தாள். பழைய அச்சு இயந்திரம் கரகரவென்று இழுத்தது. அந்தச் சிறுமி விசுக்கென்று திரும்பினாள். அப்பாவின் பிடியிலிருந்து நழுவி மேசையைச் சுற்றி வந்து இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் நின்றது. நிமிர்ந்து விசிலக்காவைப் பார்த்தாள். வாயை அல்ல, கண்ணை.

விசிலக்கா அதே பட்டியலை மறுபடி அச்சடித்தாள். பிறகு இன்னொரு முறை. நாலாவது முறை தாள் தீர்ந்துபோனது. கிடங்குக்காரர் தாமே புதுக் காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தார்.