நான் அடைத்த மடை

எனக்குச் சர்க்கரை வந்ததில் ஒரு வீட்டுச் சோறு போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

தஞ்சாவூர் புறவழிச்சாலைக்கு வெளியே இருக்கிறது எங்கள் நகர். பேர்தான் நகர், கடைசி மனைக்கல்லைத் தாண்டினால் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊர், ரயில்வே கேட், டீக்கடை. ரோட்டு வழியாகப் போனால் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டே சுற்ற வேண்டும். வாய்க்கால் கரையில் ஏறி, தென்னந்தோப்புக்குள் புகுந்து, வரப்பு வழியாக அய்யனார் கோயிலை ஒட்டிப் போனால் முக்கால் மணி நேரம். நான் பணி ஓய்வு பெற்றவன். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து வெள்ளை ஷூ ஒன்று அனுப்பியிருந்தான். அதை மாட்டிக்கொண்டு அந்தப் பச்சைக்குள் நடக்கும்போது, அத்தனை வயலையும் எனக்காகத்தான் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பு. அவ்வளவு திமிர்.

வரப்புக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல இரண்டு வயல். முதலாவது புருஷனை இழந்த ஓர் அம்மாளுடையது. அடுத்தது அவருடைய கொழுந்தனுடையது. பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என்னிடம் மட்டும் இருவருமே நின்று பேசுவார்கள். நான் யாருக்கும் பங்காளி இல்லையே.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், அந்த அம்மாளின் வயலோரம் வரப்பை ஒரு முழ அகலத்துக்கு வெட்டி விட்டிருந்தார்கள். வயல் தண்ணீர் அதன் வழியாக வலப்பக்கத்து வடிகாலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தோப்பில் கிடந்த தென்னை மட்டையை இழுத்து வந்து குறுக்கே போட்டு, சேற்றை அள்ளி வைத்து, ஏறி நின்று நன்றாக மிதித்தேன். கொழுந்தன் தன் வயலின் மறுகோடியில் மண்வெட்டியோடு எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவர் திரும்பியபோது கையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார்.

தண்ணீருக்குத் தவிக்கும் குறுவைக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வரப்பு உடைந்து தண்ணீர் வீணாவதைப் பார்த்தால், யார் வயல் என்று கேட்காமல் போகிறவன் ஒரு கை மண் வைத்துவிட்டுத்தான் போவான். ஆனால் ஐப்பசியில் மழைத் தண்ணீர் வடியட்டும் என்று வயல்காரர்களே வரப்பை வெட்டி விடுவார்கள். முப்பது வருஷம் ஆபீஸ் நாற்காலியைத் தேய்த்தவனுக்கு வழக்கம் நினைவிருந்தது, மாதம் மறந்துவிட்டது. இப்படித்தான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலம். தாண்டினால் ஷூ நனையும். அவ்வளவுதான் காரணம்.

அன்று ராத்திரி பிடித்த மழை ஆறு நாள் விடவில்லை. நான் வீட்டுக்குள் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள், மகள் பிரசவத்துக்கு வலங்கைமான் போயிருந்தார். அண்ணி வயலில் கை வைத்தால் சண்டை வரும் என்று கொழுந்தனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நட்டுப் பதினைந்து நாள்கூட ஆகாத சம்பா ஆறு நாளும் தண்ணீருக்குள் கிடந்தது.

ஏழாம் நாள் காலையில் நான் போனபோது அந்த அம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று பயிரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அழுகல். திரும்ப நட நாற்றும் இல்லை, பருவமும் தாண்டிவிட்டது. வரப்பில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் கொழுந்தன், தான் அடைக்கவில்லை என்று தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் கரையேறி வந்தார்.

"சார், நீங்க தெனமும் இந்த வழியா போறவங்க. படிச்சவங்க, பொய் சொல்ல மாட்டீங்க. யாரு அடைச்சான்னு பாத்தீங்களா?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் ஒரு பொம்பளை என்னைக் காறித் துப்புவதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

"மழை புடிச்ச அன்னிக்குச் சாயங்காலம் இவரு மம்பட்டியோட நின்னதைப் பாத்தேங்க."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நின்றது அவருடைய சொந்த வயலில் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். கொழுந்தன் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் பார்த்தார். அய்யனார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார் அந்த அம்மாள். மனுஷன் தயங்கவே இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தார். பொய்ச் சத்தியம் செய்தவன் வீடு விளங்காது என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனார். அந்த வருஷம் அவர் அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை பறித்துத்தான் சாப்பிட்டார். நான் தினமும் அவரைத் தாண்டி நடந்தேன், அவர் நிமிர்ந்து வணக்கம் சொல்வார்.

கார்த்திகை முடிவதற்குள் கொழுந்தன் வீட்டுச் சினைமாடு வயிறு உப்பிச் செத்தது. மாடு என்றால் ஏதாவது வந்து சாகும்தான். ஆனால் சூடம் சும்மா விடுமா என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என்னைப் பார்த்து, நீங்க அன்னிக்கே சொன்னீங்களே சார் என்றார்கள். மறுக்காமல் டீயைக் குடித்தேன்.

மார்கழியில் ஒருநாள் காலையில் கொழுந்தன் அய்யனார் கோயில் வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வழியில் வந்து நின்றார். பிடித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணு கேக்கணும் சார். நான் அடைக்கலன்னு நெனச்சுத்தான் சூடம் அணைச்சேன். ஆனா மாடு போயிடுச்சே. தப்புப் பண்ணாதவன அய்யனாரு அடிப்பாரா? அன்னிக்குக் கொஞ்சம் குடிச்சிருந்தேன் சார். அந்த போதையில நானே அடைச்சிட்டு மறந்துட்டேனோன்னு தோணுது. கண்ண மூடினா அதே நெனப்பா இருக்கு. நீங்கதான் அங்க இருந்தீங்க. நான் அடைச்சதப் பாத்தீங்களா?"

அன்று கூட்டம் இருந்தது என்று ஒரு சாக்காவது இருந்தது. இன்று அவரையும் என்னையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. திட்டக்கூடத் தெம்பில்லாத மனுஷன். அடைத்தது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார், பிறகு பிழைத்திருப்பார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"பாத்தேங்க."

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். ஊரறிய அண்ணி காலில் விழுந்துவிடுகிறேன் என்றார். மறைக்காமல் சொன்னதற்காக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டைப் பார்த்து நடந்தார்.