ஒரு வேன் நிறைய போன்ழூர்

சுற்றுலா வழிகாட்டிக்கு மலையேறுவது சுலபம். வேனிலிருந்து இறங்கும் கூட்டத்துக்கு வணக்கம் சொல்வதற்குள்தான் மூச்சு வாங்கிவிடும். என்னைப் போல மெல்லிய குரலோடு பிறந்து, சத்தம் போடும் வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது புரியும்.

புதுச்சேரியிலிருந்து கல்வராயன் மலைக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களை வரவேற்று, வெள்ளிமலைக்குக் கூட்டிப்போவது என் வேலை. "மொத மாசம் பாப்பேன். வரவேற்பு சரியில்லன்னா வேற ஆளு" என்று டிராவல்ஸ் நடத்தும் அக்கா சொல்லியிருந்தார். நானோ இதை நம்பி மளிகைக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு ஓரம்

அக்கா சொல்லிக்கொடுத்தது ஒரே வரி: "போன்ழூர் தூ லெ மோந்த்." எல்லாருக்கும் வணக்கம் என்று அர்த்தம். கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டு போனேன். கள்ளக்குறிச்சியில் வேன் நின்றது. கைகூப்பிச் சொன்னேன். அதே நொடியில் பக்கத்திலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் "சின்னசேலம், சின்னசேலம்!" என்று கூவினார். வந்தவர்கள் அவர்தான் வழிகாட்டி என்று நினைத்து, அவருக்கே கைகூப்பினார்கள். இரண்டு பேர் ஆட்டோவில் ஏறியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களை இறக்கிக் கூட்டிவந்த எங்கள் டிரைவர் ஏழுமலை அண்ணன் கேட்டார்: "தம்பி, நீ சொன்னது உனக்காவது கேட்டுச்சா?"

கரண்டியைக் கீழே வைத்த காசியம்மா

வெள்ளிமலையில் எங்கள் குழுக்களுக்குச் சாமைச்சோறு ஆக்கிப்போடுபவர் காசியம்மா அக்கா. அவரிடம் புலம்பினேன். மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே வணக்கம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "கல்யாண வூட்டு வாசல்ல நின்னுகினு எல்லாரும் வாங்கன்னு ஒரே வாட்டி சொல்லிப் பாரு. ஒருத்தன் பந்தியில உக்காருவானா?"

வளைவில் ஒரு வரிசை

அடுத்த குழு படம் பிடிக்க மலைப்பாதை வளைவில் இறங்கியது. அங்கேயே ஆரம்பித்தேன், ஆளுக்கொரு போன்ழூர். அவர்களும் விடவில்லை. கை குலுக்கி, தங்கள் பேரைச் சொல்லி, என் பேரைக் கேட்டு, அதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். பின்னால் பஸ் வந்து நின்றதையே நான் கவனிக்கவில்லை. வரிசை முடிகிற இடத்தில் யாரோ நிற்க, அவர் கையையும் பிடித்துப் போன்ழூர் என்றேன். அவர் பஸ் கண்டக்டர். "பஸ்ஸுல இன்னும் அம்பது பேரு கீறாங்க, அவங்களுக்கும் சொல்லிட்டு வழிய வுடுங்க!"

விட்டுப்போன ஒருவர்

அன்று சாப்பாட்டில் ஒரு பெரியவர் மட்டும் இலையைத் தொடவில்லை. பின் சீட்டில் தூங்கியவர். என் வரிசைக்கு வராதவர். "பாத்தியா, பொண்ணு குடுத்த வூட்டு மாமன் மாதிரியே கோவிச்சிக்கினு கீறாரு" என்று காசியம்மா அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் அந்தப் பெரியவர் டிராவல்ஸ் அக்காவுக்கு போன் செய்துவிட்டார். வேலை போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டு, இலை முன் குனிந்து "போன்ழூர், மொஸ்யூ" என்றேன், வணக்கம் ஐயா என்று. எழுந்து கை குலுக்கினார், உட்கார்ந்தார், இரண்டாவது தடவை சோறு கேட்டார். உடனே என் போன் அடித்தது. "அடுத்த மாசத்துலேர்ந்தாவது தலைய எண்ணிக்கினு சொல்லுடா!" என்றார் டிராவல்ஸ் அக்கா.

இப்போதெல்லாம் வேனுக்குள் ஏறி, தூங்குகிறவரையும் தட்டி எழுப்பி வணக்கம் சொல்லிவிட்டுத்தான், மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் மலையைக் காட்டுகிறேன்.