மீன்பாசிக் கூட்டத்தில் போட்ட கையெழுத்து

காலை பத்து நாற்பதுக்கு மேலகரம் பக்கத்து ஊர் ஒன்றின் சமுதாய நலக்கூடத்துக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்டது, வாசற்படியில் தண்ணீர் சொட்டக் கிடந்த ஒரு வீச்சுவலை. ஊர்க் குளத்தின் மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, ஒரே ஆளுக்குக் குத்தகை விடலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் அது. விட்டால் வேறு யாரும் அங்கே வலை வீச முடியாது.

நோட்டில் கையெழுத்துப் போட்டால் வடையும் டீயும் தருவார்கள். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டத்துக்கும் இதுதான் வழக்கம். செய்தி எடுக்கப் போன நானும் போட்டேன்.

வலைக்குச் சொந்தக்காரப் பெண் எழுந்தார். "குளத்தக் குடுத்துட்டு எங்கள எங்கன போவச் சொல்லுதிய?"

குத்தகை கேட்டிருந்த வியாபாரி சிரித்தார். "ஏட்டி, வடைய முழுங்கிட்டுப் பேசு."

"முழுங்கிட்டேன் அண்ணாச்சி. நீங்க குளத்த முழுங்கிராதிய."

கூடமே சிரித்தது. குத்தகை வேண்டும் என்று ஒருவரும் பேசவில்லை.

அடுத்த மாதம், குளத்தைக் குத்தகைக்கு விட்ட தீர்மானத்தின் நகல் கிடைத்தது. நோட்டின் அந்தப் பக்கம், குத்தகைக்குச் சம்மதித்தவர்களின் பட்டியல் என்ற தலைப்போடு இணைக்கப்பட்டிருந்தது. வலைக்காரப் பெண்ணின் பெருவிரல் ரேகைக்குக் கீழே என் கையெழுத்து.

அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "நீங்க படிச்சவியதான? மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்கலியா?" என்றார்.

அன்று மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வெற்று இடம் தெரிகிறது. எந்தக் கூட்டத்திலும் பேனாவை நீட்டினால், அவர் குரல் பக்கத்திலேயே கேட்கிறது.

அவர் இப்போது பாவூர்சத்திரம் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கிறார்.