நீவாத கால்

ஒய்யம்மாள் முதலில் வலிக்காத காலைத்தான் தொடுவாள். அதில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வலிக்கிற காலுக்கு வருவாள். இரண்டிலும் ஒரே சூடு இருந்தால்தான் எண்ணெய்ப் புட்டி திறக்கும். கவுஞ்சி மலைக்கிராமத்தில் சுளுக்கு எடுக்க இவளை விட்டால் ஆள் கிடையாது. காரட் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்தவர்களும், சரிவில் கால் பிசகியவர்களும் இவளிடம் வந்துதான் அலறுவார்கள். "கத்து, நல்லாக் கத்து. வலி வாய் வழியாப் போகட்டும்" என்பாள். சிரிப்பு வேறு.

அன்று சுகன்யா தன் நான்கு வயது மகள் சௌம்யாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முந்தின நாளிலிருந்தே பிள்ளை காலைத் தரையில் ஊன்றவில்லை. காய்ச்சல் வேறு. பாத்தியில் விழுந்த சுளுக்கு என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. வீங்கிய முழங்காலில் புறங்கை பட்டதும் பிள்ளை வீறிட்டது. மூட்டு கொதித்தது. ஒய்யம்மாள் புட்டியைத் தள்ளி வைத்தாள்.

"இது சுளுக்கு இல்லத்தா. சுளுக்குக்கு ஏது காய்ச்சல்? உள்ள என்னமோ கெடக்கு. நான் நீவுனா கெட்டுரும். வெரசா ஆசுபத்திரிக்குக் கெளம்பு."

"என் கொழுந்தனுக்கு நீவுனீங்க. எம்புள்ளைன்னா மட்டும் கை வலிக்குதாக்கா?"

ஒய்யம்மாளுக்குச் சுருக்கென்றது. சொன்னது தப்பாகிவிட்டால் இனி ஒருவரும் இவள் வாசலை மிதிக்கமாட்டார்கள். போகட்டும், பிள்ளையின் கால் அதைவிடப் பெரிது. காரட் ஏற்றி வந்த வண்டியைக் கைநீட்டி மறித்து, தாயையும் பிள்ளையையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள்.

கொடைக்கானலில் பார்த்தவர்கள் கையோடு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி போட்டு இழுத்ததும் மூட்டுக்குள்ளிருந்து சீழ் வந்தது. "மூட்டுல கிருமி புகுந்திருக்கும்மா. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா ஆயுசுக்கும் நொண்டியிருக்கும்" என்றார் டாக்டர். மூட்டைத் திறந்து கழுவினார்கள். வாரக்கணக்கில் மருந்து ஏறியது. பிள்ளை நடக்குமா என்று கேட்டால், "பார்ப்போம்" என்றார்கள். அந்த ஒரு சொல்லோடு சுகன்யா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

சௌம்யா நடந்தாள். இப்போது பிடிக்க முடியாத ஓட்டம். காய்ச்சலோடு மூட்டு வீங்கினால் கவுஞ்சிக்காரர்கள் சுளுக்கு என்ற பேச்சையே எடுப்பதில்லை, நேரே ஆசுபத்திரிதான். ஒய்யம்மாளுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. "எத்தனையோ காலை நீவிச் சரியாக்கிருக்கேன். நீவாமயே சரியாக்குன காலு இது ஒண்ணுதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

நேற்று அந்தப் பிள்ளை மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்கு ஒரே தாவாகத் தாவியது. சுகன்யா பதறிப்போய் ஓடிவந்தாள். பிள்ளையோ கீழே நின்றபடி, மேல் வயலில் இருந்த ஒய்யம்மாளைப் பார்த்துக் கூவியது.

"நீயும் குதி, பெரியம்மா!"

ஒய்யம்மாள் சேலையை இழுத்து இடுப்பில் செருகினாள். குதித்தாள்.