கேரவன் கட்டிய பட்டறை

குண்டடத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில் உர மூட்டை அடுக்கிவைக்கப் பயன்பட்டுவந்த பழைய கேரவன் ஒன்றை, பல்லடம் சாலையில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் போன மாதம் வாங்கினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு அது. கம்பெனி முகப்பில் கொட்டகை போட்டு நிறுத்தப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார். வழக்கமாக நிதானமாகப் பேசுகிறவர், அன்று மூச்சுவிடாமல் பேசினார்.

“இங்கிலாந்து வண்டிங்க. நீங்க பேப்பர்ல இருந்தவரு, நாலு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போர்டுல போட்டுக்கலாம். போர்டுக்காரருகிட்டச் சொல்லிப்போட்டனுங்க.”

மறுநாள் காலையிலேயே போனேன். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். நான்கு மூலைகளும் சோப்புக் கட்டி தேய்ந்ததுபோல வளைந்திருந்தன. வெளியே அலுமினியத் தகடு, அதன்மேல் உரிந்துபோன பாலாடை நிறம். கதவருகே, கட்டியவர் பெயர்த் தகடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

“இங்கிலாந்துன்னு யார் சொன்னா?”

“தோட்டத்துக்காரருங்க. பாத்தாலே தெரியுதில்லீங்களா?”

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதியதில்லை. சுற்றி வந்தேன். இடப்பக்கச் சுவர் பூரிபோல உப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய விஷயம் ஒன்று நினைவுக்கு வந்தது.

நான் செய்தித்தாளில் இருந்தபோது ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்திருந்தார். தாராபுரம் சாலையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அவருடைய அப்பா, கேரவனும் கட்டினார் என்றார். துணி வாங்க வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தங்கவைக்கத் திருப்பூரில் நல்ல விடுதி இல்லாத காலம். ஒரு முதலாளி, அப்படித் துணி வாங்க வந்த ‘பையரை’க் கம்பெனி வளாகத்துக்குள்ளேயே தங்கவைக்க ஒரு கேரவன் கேட்டிருக்கிறார். பையர் கொண்டுவந்த பத்திரிகைப் படத்தைப் பார்த்து இவர் அப்பா கட்டிக்கொடுத்தார். அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் கேட்டன. மொத்தம் ஏழு. பிறகு விடுதிகள் வந்தன, ஆர்டர் நின்றது, பட்டறையும் மூடியது.

படம் இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ஆதாரம் கிடைத்தால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு வரி மட்டும் எனக்கு மறக்கவில்லை. முதல் வண்டி ஒருமுறை பையரோடு ஊட்டிக்குப் போய், மழையில் இடப்பக்கச் சுவர் உப்பித் திரும்பி வந்ததாம்.

பழைய நோட்டில் அவர் எண் இருந்தது. இப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைக் கவனித்துக்கொள்கிறார். விஷயத்தைச் சொன்னதும், “சார், அங்கியே இருங்க. பர்மிசன் சொல்லிப்போட்டு வந்தறனுங்க” என்றார். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து நின்றார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

வண்டியைத் தொடவில்லை. தூர நின்று பார்த்தார். “ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டு விசேசத்துல இன்னைக்கும் சிரிக்கறாங்க சார். ‘உங்கய்யன் லாரிக்குத் தகரம் அடிச்சவரு, கேரவனாமா கேரவன்’னு. எந்தம்பியே நம்பறதில்லீங்க. ஏழுல ஒண்ணையாச்சும் கண்ணுல காட்டிப்போட்டா போதுங்க.”

அவர் அப்பா படம் பார்த்துக் கட்டிய கதையை நான் சொன்னேன்; நண்பருக்கு அது பிடிக்கவில்லை. “ஏனுங்கம்மா, வளைவைப் பாருங்க. இதெல்லாம் நம்மூர்ல வளைக்கற வளைவுங்களா?” என்றார். அதற்குள் தச்சர் டிரில்லோடு வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உப்பிய சுவரைப் பிரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பலகை அடிக்க வேண்டும் என்பது அன்றைய வேலை. ஒரு நாள் தாமதித்திருந்தால் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும்.

“உள்ளே என்ன இருக்கும்னு சொல்ல முடியுமா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

“பையருக்கு வெயில் தாங்குலீங்க. ரெண்டு தகட்டுக்கு நடுவுல எங்கய்யன் கட்டிங் வேஸ்ட்டை அடைச்சாருங்க. பனியன் துண்டு. தண்ணி எறங்குனா உப்பும்னு அவருக்கு அப்பத் தெரியலீங்க. அடுத்த வண்டியிலிருந்து பாலித்தீன் பையில போட்டு அடைச்சாரு.”

தச்சர் உள்பக்கம் ஏறி முதல் பலகையை நெம்பினார். எலிப் புழுக்கையும் தூசியும் கொட்டின. அடுத்த பலகையிலும் அவைதான். அந்தப் பெண் அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டே நின்றார்.

“நான் சொன்னனில்லீங்க” என்றார் நண்பர்.

“மொதலாளி, செத்த பொறுங்க. உப்புன எடத்த இன்னும் தொடலைலா” என்றார் தச்சர்.

மூன்றாவது பலகை கழன்றபோது, ஒரு பெரிய கட்டி அப்படியே அவர் மடியில் விழுந்தது. பழுப்பேறிய துணி. பிரித்தால் பிறை பிறையாக வந்தது. பனியனில் கைக்குழி வெட்டும்போது விழும் துண்டு. நண்பர் ஒன்றை வாங்கி, இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி இழுத்தார்.

“ரிப்புத் துணிங்க” என்றார் மெதுவாக. “நம்மூர்லயே பின்னுன ரிப்பு.”

உடனே சுதாரித்துக்கொண்டார். “ஆனா இதைப் பின்னாடி ரிப்பேருக்கு வந்தப்ப அடைச்சிருக்கலாமில்லீங்க?”

நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. தச்சர் குனிந்து, சுவருக்குள் நின்ற வளைந்த சட்டத்தை உளியால் லேசாகச் சீவினார். சீவலை மோந்தார். நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

“மொதலாளி, இது வேம்புலா!”

“என்னங்க?”

“வேப்ப மரம்ங்கேன். மேல, கீழ, ஓரம், எல்லாச் சட்டமும் வேம்புதான். தகடே இதுமேலதான் அடிச்சிருக்கு. இங்கிலாந்துல வெள்ளக்காரன் வேப்பங்குச்சியிலயா பல்லு வெளக்குதான்?”

முதலில் சிரித்தது அந்தப் பெண். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. நான் நோட்டில் ‘வேம்பு’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

நண்பர் வண்டியைச் சுற்றி வந்தார். வளைந்த மூலை ஒவ்வொன்றிலும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். நான்காவது மூலைக்கு வந்தபோது முகம் மாறியிருந்தது.

“ஏனுங்க, படத்தைப் பாத்துத்தானுங்களா உங்கய்யன் இந்த வளைவு வளைச்சாரு?”

“படத்துல ஒரு பக்கந்தான் இருந்துச்சுங்க. மத்த மூணு பக்கமும் அவரா நெனைச்சதுங்க.”

“அடங்கொக்கமக்கா!” என்று தொடையில் தட்டினார் நண்பர். “இங்கிலாந்து வண்டி எவன் வேணும்னாலும் வாங்கி வெப்பானுங்க. இது எங்கிட்ட மட்டுந்தானுங்க இருக்குது!”

தச்சரைப் பார்த்து, “ஒரு துண்டு கீழ போகக் கூடாது, சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும் அப்படியே வையுங்க” என்றார். பிறகு கைபேசியை எடுத்து, போர்டு எழுதுகிறவரை அழைத்தார்.

“அந்த இங்கிலாந்தை அழிச்சுப்போடுங்க. ஆமாங்க, முழுசா. வேற எழுதோணும். இருங்க, சொல்றவங்ககிட்டயே குடுக்கறேன்.”

கைபேசியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். எதிர்முனையில் ஏதோ கேட்டார்கள்.

“ஆமாங்க, இனிசியலும் போடுங்க. தாராபுரம் ரோடுன்னும் போடுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து படிக்கற அளவுக்குப் பெருசா எழுதுங்க.”