தேர்வு மண்டபத்தில் அம்மனை அழைத்தது

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். சங்கராபுரம் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பம்பை அடிக்கிறேன். பம்பை என்றால் இரண்டு கொட்டுகளை ஒன்றாகக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு அடிப்பது. இதை அம்மனை நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

என் பம்பையின் கட்டை விரிசல் விட்டுப்போனது. கிராமியக் கலைஞர்களுக்கு வாத்தியமும் உடையும் வாங்க அரசாங்கத்தில் உதவி தருகிறார்கள், எந்த மதம், எந்தச் சாதி என்றாலும் எழுதிப் போடலாம் என்று என் மச்சான் விசாரித்துக்கொண்டு வந்தான். என் சம்சாரத்தின் தம்பி அவன். என்கூட உடுக்கை அடிப்பவன். எழுதிப் போட்டோம். நேரில் வந்து வாசித்துக் காட்டுங்கள் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள்.

போனால் அங்கே எல்லா ஜனமும் இருந்தது. டவுனில் கடை வைத்திருக்கும் பாய்மார் நாலு பேர் தப்பு போல வட்டமான ஒரு கொட்டோடு வந்திருந்தார்கள். கல்வராயன் மலையிலிருந்து ஆட்டக்காரப் பெண்கள் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். போட்டோ ஒட்டப் பசை இல்லாமல் மச்சான் ஒரு பாயிடம் கேட்டான். அவர் கொடுத்துவிட்டு, "பம்பக்காரரே, உங்குளுதுதான் சத்தம் ஜாஸ்தி. எங்களுக்கு முன்னாடி அடிச்சிட்டீங்கன்னா எங்க பாட்டு யாருக்குக் கேக்கும்?" என்றார். சிரித்தோம். அன்றைக்கு நான் சிரித்தது அவ்வளவுதான்.

மேசையில் ஓர் அதிகாரி. அவர் பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண், முப்பது வயதிருக்கும். விண்ணப்பங்களைச் சரிபார்த்ததெல்லாம் அந்தப் பெண்தான். நான் ஓரிடத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தேன். முகம் சுளிக்காமல், "இங்க ஒன்னு போட்ருங்கண்ணா" என்று பேனாவையும் கொடுத்தது.

எங்கள் முறை வந்தது. ஆளுக்கு ஐந்து நிமிடம். கோயிலுக்கு வெளியே நாங்கள் நடையடிதான் அடிப்போம். ஊர்வலத்துக்கு, வரவேற்புக்கு அடிப்பது அது. அம்மனைத் தலை முதல் பாதம் வரை வர்ணித்துப் பாடி அழைக்கும் அடி இருக்கிறது. அதற்கு விரதம் இருக்க வேண்டும், கரகம் இருக்க வேண்டும், வேப்பிலை வேண்டும். ஆள்மேல் இறங்கி வந்தவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, கொடுத்து, மலையேற்றித் திருப்பி அனுப்பத் தெரிந்தவன்தான் அதை எடுக்கலாம். என் அப்பா எத்தனையோ பேர் கேட்டும் வெளியே அடித்ததில்லை.

நடையடியை அடித்தோம். அதிகாரி கையை உயர்த்தினார். இது கல்யாண ஊர்வலத்திலும் கேட்கிறதுதானே, கோயிலில் எதை அடிப்பீர்களோ அதைக் காட்டுங்கள் என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான்தான் இது முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆடித் திருவிழாவுக்கு விரிசல் கொட்டோடு போய் நிற்க வேண்டுமே என்ற நினைப்பு வாயை அடைத்துவிட்டது. மச்சான் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் அழைக்கும் அடியை எடுத்தேன்.

நாலு வரி பாடியிருப்பேன். பேனா கீழே விழுந்த சத்தம் கேட்டது. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்க, தோள் குலுங்கியது. மேசையைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்து சுற்ற ஆரம்பித்தது. அட்டை கழுத்தில் பறக்கிறது, கூந்தல் அவிழ்கிறது. கரகமில்லை, வேப்பிலையில்லை, விரதமில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டில் முட்டை தின்றவன் நான்.

அதிகாரி நிறுத்து நிறுத்து என்று ஓடிவந்தார். ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னார். மச்சான் பயத்தில் உடுக்கையை விட்டுவிட்டான். எனக்கும் கை ஓயத்தான் பார்த்தது. ஆனால் பாதியில் அடி நின்று, வந்தவள் போக வழி தெரியாமல் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்த ஒருத்தியைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன்.

"அய்யா, இப்ப அடி நின்னா அம்மா மலையேற மாட்டாங்க. அந்தப் பொண்ணு ஒடம்பு தாங்காது. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று அடித்துக்கொண்டே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மலையிலிருந்து வந்த பெண்களில் மூத்தவர் ஒருவர் யாரும் சொல்லாமலே போய் அந்தப் பெண்ணின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இன்னொருத்தி வெளியே ஓடி வேப்பங்கொத்து ஒடித்து வந்தாள். வேப்பிலை பட்டதும் சுற்று நின்றது. அந்த முகம் என் பக்கம் திரும்பியது.

"இன்னாத்துக்குடா கூப்ட்ட என்ன?"

முப்பது வருஷமாக அழைக்கிறேன். எப்போதும் எங்களிடம் ஒரு பதில் இருக்கும். மழை இல்லை தாயே, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது தாயே, கல்யாணம் தட்டிப்போகிறது தாயே. அன்றைக்கு என்ன சொல்வேன்? பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"பம்ப ஒன்னு வேணும்னு கூப்ட்டேன் தாயே. தப்புதான். என்ன இன்னா வேணா செய். இந்தப் பொண்ண உட்ரு."

அந்தப் பெண் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கண்ணிலிருந்து தண்ணீராக ஊற்றியது. அழுதது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மச்சான் உடுக்கையை எடுத்து அடி நிற்காமல் பிடித்துக்கொள்ள, மடியில் வைத்திருந்த விபூதியை அந்தப் பெண்ணின் நெற்றியில் பூசினேன். கற்பூரத்தை எடுத்தேன், குச்சி கிழித்தேன். மூன்று முறையும் அணைந்தது. அப்போது அதிகாரி சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினார். கற்பூரம் நின்று எரிந்தது. திரும்ப நானும் சேர்ந்து அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கும்பிட்டு அனுப்பிவைத்தேன். அந்தப் பெண் அந்த மூத்தவர் மடியிலேயே சாய்ந்தது. பாய் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எழுந்ததும், இன்னா ஆச்சு, நான் எதுனா சொன்னேனா என்றுதான் கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லையம்மா என்றேன்.

உதவி எங்களுக்குக் கிடைத்துவிட்டது. பாய்மாருக்கும் மலைக்காரர்களுக்கும் கிடைத்தது. மச்சானுக்கு ஏக சந்தோஷம். எனக்குத்தான் அந்தப் புதுப் பம்பையைத் தொடவே மனம் வரவில்லை. கோயிலில் அம்மன் காலடியில் ஒரு மண்டலம் வைத்துவிட்டு, கூழும் ஊற்றித்தான் எடுத்தேன்.

ஆடி முடிந்து ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தது. நம்பர் விண்ணப்பத்தில் இருந்ததாம். அவர்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வந்ததில்லையாம். எங்கேயாவது கொட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு சிலிர்க்கிறதாம். ஒரு நாள் வழியில் கொட்டுச் சத்தம் கேட்டு, பஸ்ஸிலிருந்து பாதி வழியிலேயே இறங்கிவிட்டதாம். மாமியாரிடம்கூடச் சொல்லவில்லையாம்.

"திரும்பியும் வருமாண்ணா?" என்றது. பயந்த குரல்.

வராது என்று சொல்லத்தான் ஆசை. அதை நான் எப்படிச் சொல்வேன்? அழைத்தவன் நான்.

"தெரியலம்மா. வந்தா ஒன்னும் பயப்படாத. எந்நேரமானாலும் ஒரு போன் போடு. நான் வந்து அனுப்பி வெக்கறேன்" என்றேன்.

சரிங்கண்ணா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது. அன்றிலிருந்து நான் வெளியூர் போய்த் தங்குவதில்லை. முட்டை, மீன் எல்லாம் விட்டாயிற்று. அந்தப் பெண் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.